எர்னெசாக்ஸின் சேர்ந்திசை வாழ்வு: ஒரு மறுமதிப்பீடு

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் என்னும் எஸ்தோனிய இசையமைப்பாளர் இரண்டு பாடல்களுக்கு இசை அமைத்தார். ஒன்று, எஸ்தோனிய சோவியத் குடியரசின் அரசுக் கீதம். சொற்களை யொஹான்னெஸ் செம்பர் எழுதினார். மற்றொன்று, லிதியா கோய்துலா என்னும் பெண்கவி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய பழைய கவிதை. 'என் தந்தையர் நாடே என் நேசம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முன்னது அரசு விழாக்களில் ஒலித்து, அந்த அரசின் பிடி தளர்ந்த 1990ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. பின்னதை எஸ்தோனியர் இன்றும் தம் இரண்டாம் தேசியகீதமாகப் போற்றி, தாலின் நகரப் பாடல் பெருவிழாவில் எழுந்து நின்று பாடுகின்றனர். அடக்கியாண்ட அரசின் கீதத்துக்கும் அடக்கப்பட்ட மக்களின் கீதத்துக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே மனிதர் இசை தந்திருக்கிறார் என்ற செய்தியை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. எர்னெசாக்ஸ் அரசின் ஊழியர். பரிசுகளும் பட்டங்களும் பெற்றவர். அந்தப் பாடல் அவர் வாழ்வில் நேர்ந்த ஒரு தற்செயல் என்பது ஒன்று. அவர் உள்ளுக்குள் கலகக்காரர்; அரசுக்குப் பாடியதெல்லாம் வெறும் முகமூடி என்பது மற்றொன்று. முதல் விடை அவர் ஆற்றிய பணியைக் கணக்கில் கொள்ளவில்லை. இரண்டாவது விடையோ, வெற்றி கிட்டிய பின்னர் பழைய நாட்களைத் திருத்தி எழுதும் மனப்போக்கிலிருந்து பிறந்தது. இரண்டையும் விட்டு, அவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலிலிருந்தே தொடங்குவது முறையாகும். அவர் ஆண்குரல் சேர்ந்திசைக் குழுவின் நெறியாளர். ஏனையவெல்லாம் அதன் கிளைகள்.

ஆண்கள் மட்டும் கூடிப் பாடும் குழு என்பது ஐரோப்பாவில் அத்துணைப் பழைமையான வழக்கன்று. பெர்லினில் செல்ட்டர் 1809இல் அமைத்த பாடகர் மேசையும், சூரிச்சில் நேகெலி 1810இல் அமைத்த குழுவும் இதன் தொடக்கங்களாகக் கருதப்படுகின்றன. பால்டிக் பகுதியில் நிலவுடைமையாளராகவும் நகர வணிகராகவும் இருந்த ஜெர்மானியர் இவ்வழக்கைக் கொணர்ந்தனர். அவர்தம் பண்ணைகளில் அடிமைக் குடியானவராக இருந்த எஸ்தோனியர் அதனைக் கைப்பற்றித் தமதாக்கிக் கொண்டனர். இதற்குக் கருவியாயிருந்தோர் கிராமப் பள்ளி ஆசிரியர்கள். வால்கா நகரில் யானிஸ் சிம்சே நடத்திய ஆசிரியப் பயிற்சிக் கூடத்தில் எஸ்தோனிய, லாத்விய இளைஞர் பாடம் நடத்தக் கற்றதோடு பாடல்குழு நடத்தவும் கற்றனர். அவர்கள் சென்ற ஊர்தோறும் ஒரு குழு தோன்றியது. 1865இல் தார்த்து நகரில் யான்சென் என்னும் இதழாசிரியர் நிறுவிய 'வானெமுய்னே' சங்கமும் பாடகர் சங்கமாகவே தொடங்கிற்று.

1869இல் அதே நகரில் முதலாவது பாடல் பெருவிழா கூடியது. லிவோனியக் குடியானவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட 50ஆம் ஆண்டு நிறைவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மேடையேறியோர் அனைவரும் ஆடவர். எஸ்தோனியரே இயற்றியமைத்த பாடல்கள் இரண்டே இடம்பெற்றன. இரண்டுக்கும் சொல் தந்தவர் யான்சென்னின் மகளாகிய கோய்துலா. இசை தந்தவர் சிம்சேயின் மாணவர் குனிலெய்த். தன் சொற்களை ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைந்த ஆடவர் பாடுவதைக் கேட்கலாம், தானே மேடையேறிப் பாட இயலாது என்ற நிலையில் அந்தக் கவிஞர் அன்று இருந்தார். பெண் குரல்கள் கலந்த குழுக்கள் பெருவிழா மேடைக்கு வர 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்தோனியத் தேசியத்தின் பிறப்பைக் கொண்டாடும் நூல்கள் இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாமோ அவ்வாறு கடக்க விரும்பவில்லை. பிற்காலத்தில் எர்னெசாக்ஸின் இசையில் வாழ்ந்த பாடலின் முதல் வடிவம் இந்த விழாவிலேயே ஒலித்தது. அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் முன்னரே ஒரு மக்களின் நினைவில் 75 ஆண்டுகள் ஊறியிருந்தவை.

எர்னெசாக்ஸ் 1908ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஹார்யு வட்டாரத்தின் பெரிலா கிராமத்தில் பிறந்தார். தாலின் இசைக்கல்லூரியில் 1931இல் இசை கற்பித்தல் துறையிலும், 1934இல் ஆர்தூர் காப்பிடம் இசையமைப்புத் துறையிலும் பயின்று முடித்தார். முதலில் ஆசிரியர், பின்னரே இசையமைப்பாளர் என்ற இவ்வரிசை கருதத்தக்கது. 1937 முதல் அக்கல்லூரியில் சேர்ந்திசை நெறியாள்கையைக் கற்பித்தார். போர் இடையிட்ட ஆண்டுகள் நீங்கலாக 1972 வரை அப்பணியில் இருந்தார். ஏறத்தாழ மூன்று தலைமுறை நெறியாளர்கள் அவரிடம் பயின்று வெளிப்போந்தனர்.

1940இல் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை நுழைந்தபோது எர்னெசாக்ஸ் ரஷ்யாவின் உட்பகுதிக்குச் சென்றார். செஞ்சேனைக்கெனத் திரட்டப்பட்ட எஸ்தோனிய ஆடவர் பலர் பணிப்படைகளில் அடைக்கப்பட்டனர். 1941-42 குளிர்காலத்தில் பசியாலும் நோயாலும் மடிந்தோர் பலர். கலைஞராயிருந்தோர் யாரோஸ்லாவ்ல் நகரில் அமைந்த எஸ்தோனிய அரசுக் கலைக்குழுக்களுக்கு அழைக்கப்பட்டனர். பாடத் தெரிந்தவர் என்பதே பலருக்கு உயிர்காப்பாக அமைந்தது. அங்கு உருவான பாடகர் அணியிலிருந்தே 1944இல் எர்னெசாக்ஸ் நிறுவிய ஆண்குரல் சேர்ந்திசைக் குழு தோன்றிற்று. 'ராம்' என்னும் சுருக்கப்பெயரால் அது சோவியத் ஒன்றியம் முழுவதும் அறியப்பட்டது. 1975 வரை, 31 ஆண்டுகள், அதனை அவர் வழிநடத்தினார். கோய்துலாவின் கவிதைக்கு அவர் இசை தந்ததும் அதே 1944இல்தான். ஊரை விட்டு வந்து, ஊர் எந்நிலையில் உள்ளது என்று அறியாதிருந்த மனிதர்களிடையே இருந்துகொண்டு அவர் அந்த இசையை எழுதினார் என்பதை மறத்தலாகாது.

இங்கு ஆண்குரல் சேர்ந்திசையின் இயல்பு பற்றிச் சில சொல்லியாக வேண்டும். ஆண், பெண் குரல்கள் கலந்த குழுவுக்கு ஏறத்தாழ நான்கு எட்டுச்சுர மண்டலங்கள் கைவசமுண்டு. ஆண்கள் மட்டுமே பாடும்போது அது இரண்டரை, மிகுந்தால் மூன்று மண்டலமாகச் சுருங்குகிறது. முதல் மேற்குரல், இரண்டாம் மேற்குரல், இடைக்குரல், அடிக்குரல் என்ற நான்கும் ஒரே சிறிய அறையில் நெருங்கி நிற்பன போன்றவை. இசையமைப்பாளர் சற்றுக் கவனம் தவறினாலும் கீழ்ச்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். மாறாக, நெருக்கத்தை அறிந்து கையாண்டால் வேறெந்தக் குழுவாலும் தர இயலாத அடர்த்தி கிடைக்கும். எர்னெசாக்ஸ் தம் அடிக்குரல்களை நிலம் போல விரித்து வைத்து, அதன்மேல் ராகத்தை அவசரமின்றி நடக்கவிடுவார். கோய்துலா பாடலில் இதுவே நிகழ்கிறது. தொடக்கம் தாழ்ந்த குரலில், எழுச்சி மெதுவாக, உச்சம் வந்தபின்னும் ஆரவாரமில்லை. போர்ப்பாட்டின் நடை அதில் இல்லை. கவிதையும் அத்தகையதே. படை இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. அந்நியரின் பொறாமை பற்றி ஓரிடத்தில் ஒரு குறிப்பு வருகிறது. இறுதியில், அந்த மண்ணின் மடியிலேயே உறங்கும் ஆசையோடு கவிதை முடிகிறது. தணிக்கை அதிகாரி ஒருவர் இதில் நீக்குவதற்கு எதனைத் தேடுவார்?

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. பசியுஸ் இசையமைத்த, சுதந்திர எஸ்தோனியாவின் பழைய தேசியகீதம் சோவியத் ஆட்சியில் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தக் கீதமும் கோய்துலாவின் கவிதையும் எஸ்தோனிய மொழியில் அதே இரு சொற்களுடன் தொடங்குகின்றன. பாடத் தொடங்கும் முதல் நொடியில், கேட்போர் எதிர்பார்ப்பது எதுவென எவராலும் கூற இயலாது. எர்னெசாக்ஸ் இதனைத் திட்டமிட்டாரா என்று ஆராய்வதில் பயனில்லை. மக்கள் அதனைக் கண்டுகொண்டனர் என்பதே வரலாறு.

1947ஆம் ஆண்டுப் பெருவிழாவில் அப்பாடல் பாடப்பட்டது. அடுத்து நிகழ்ந்தவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட எஸ்தோனியர், பெரும்பாலும் பெண்களும் சிறாரும் முதியோரும், சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1950 பெருவிழாவுக்கு முன்னர், அதன் முன்னணி நெறியாளர்களாக விளங்கிய ஆல்பிரெட் கரிந்தி, ரிஹோ பாட்ஸ், தூதுர் வெத்திக் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டனர். ஸ்டாலின் மறைந்த பின்னரே அவர்கள் முகாம்களிலிருந்து மீண்டனர். 1950 விழா நிரலில் கோய்துலாவின் பாடல் இல்லை. எர்னெசாக்ஸ் மேடையில் இருந்தார். 1951இல் 'புயல்களின் கரை' என்னும் ஓபராவுக்காக அவர் இரண்டாம் முறை ஸ்டாலின் பரிசு பெற்றார். முதலாவது 1947இல் கிடைத்தது.

இப்பகுதியே அவரைப் பற்றிய எழுத்துகளில் மிகவும் மெலிந்து காணப்படுகிறது. போற்றி எழுதுவோர் 1947இலிருந்து 1960க்குத் தாவிவிடுகின்றனர். உடன் பணியாற்றிய மூவர் சிறை சென்றதும் அவர் பரிசு பெற்றதும் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை. அவர் அவர்களைக் காட்டிக்கொடுத்தார் என்று சொல்ல எச்சான்றும் நம்மிடம் இல்லை. அவ்வாறு நாம் ஐயுறவும் இல்லை. அக்கால நிலையில் ஒருவர் சிறைக்குத் தப்பியமையைக் குற்றமாகக் கொள்வது அநீதி. எனினும் அவர் காத்து வைத்த சேர்ந்திசை மரபு அவர் ஒருவரால் மட்டும் காக்கப்பட்டதன்று. விலையை வேறு மூவர் செலுத்தினர். அவர்கள் பெயரின்றி எர்னெசாக்ஸின் வரலாறு எழுதப்படுமாயின் அது அரைகுறை வரலாறாகவே நிற்கும்.

அந்த ஓபராவைப் பற்றியும் ஒரு சொல். ஹீயுமா தீவில் பொய்விளக்கேற்றிக் கப்பல்களைப் பாறையில் மோதச் செய்து கொள்ளையிட்டதாகச் சொல்லப்படும் ஜெர்மானியப் பிரபுவின் கதை அது. வர்க்கப் பகையைக் காண விரும்பிய அரசு அதனைக் கண்டது. அந்நிய எசமானரைக் காண விரும்பிய மக்கள் அவரையும் கண்டனர். ஒரே பொருள் இருவர்க்கும் இருவேறாகத் தோன்றும் இந்த இடைவெளியில்தான் எர்னெசாக்ஸ் வாழ்நாளெல்லாம் தொழில் புரிந்தார். ஆனால் ஓபராக்களுக்காக இன்று அவரை நினைப்போர் அரியர். மேடை நாடகத்துக்கு வேண்டிய மோதல் அவரது இயல்புக்கு ஒத்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஒன்றுகூட்டுவதில் வல்லவர் அவர். பிரித்து மோதவிடுவதில் அல்லர்.

1960இல் தாலினில் புதிய பாடல் மேடை எழுந்தது. ஆலார் கோத்லி, ஹென்னோ செப்மன் என்னும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அந்த வளைகூரையின் கீழ் 15,000 பாடகர் வரை நிற்கலாம். இத்தகைய கூட்டத்தை நெறிப்படுத்துவது எத்தகைய பணி என்பதை அறிந்தால்தான் எர்னெசாக்ஸின் உண்மையான திறன் விளங்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. முன்வரிசைக்கும் கடைவரிசைக்கும் இடையே 34 மீட்டர் இருப்பின், பின்னால் நிற்பவர் முன்னால் பாடியதை நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தே கேட்பார். ஒவ்வொருவரும் அருகிலுள்ளவர் குரலைக் கேட்டு அதனோடு இயைந்து பாட முயன்றால், தாமதம் தாமதத்தோடு சேர்ந்து பாடல் இழுபட்டுச் சிதையும். ஆகவே பாடகர்கள் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். எதிரேயுள்ள கோபுரத்தில் நிற்கும் ஒருவரின் கையசைவே அவர்களுக்கு வழிகாட்டி. அந்தக் கை நெறியாளர் செவியில் விழும் ஒலிக்குச் சற்று முன்னரே செல்ல வேண்டும். தம் செவியில் விழுவது பழைய ஒலி என்று அறிந்து, அதன் பின்னே இழுபடாமல் நிற்பதே இங்குள்ள கலை. சிறிய குழுவில் நுண்ணிய விரலசைவால் சொல்வதை இங்கு முழு உடலால் சொல்ல வேண்டும். அதே வேளையில் மிகைப்படுத்தினால் மெல்லொலி கெட்டுவிடும்.

இதுவும் போதாது. கையசைவு எத்துணை தெளிவாயினும், வந்து நிற்போர் பாடலை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அவர்கள் ஊர்க்குழுக்களிலிருந்து வருவோர். பகலில் வயலிலும் ஆலையிலும் மீன்பிடி படகிலும் பணியாற்றி, மாலையில் ஊர்மன்றத்தில் கூடிப் பழகுவோர். சம்பளம் பெறும் பாடகர்களைக் கொண்ட 'ராம்' குழு அளவுகோலாக நின்றது. அந்த அளவுகோலை ஊர்க்குழுக்களுக்குக் கொண்டுசென்றவர்கள் எர்னெசாக்ஸும் அவர் சகபாடிகளும் கல்லூரியில் பயிற்றுவித்த நெறியாளர்கள். சிம்சேயின் கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்ததைத் தாலின் கல்லூரி இருபதாம் நூற்றாண்டில் செய்தது. பெருவிழாவின் கோபுரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் அவரது சாதனையின் பெரும்பகுதி, மாதக்கணக்கில் ஊர்மன்றங்களில் நடந்த பயிற்சியில் இருந்தது என்பது நம் துணிபு.

அதே 1960 விழாவில், நிரலில் இல்லாத கோய்துலா பாடலைப் பாடகர்கள் தாமாகவே எடுத்துப் பாடினர். 1965 முதல் அது நிரலில் இடம்பெற்றது. 1969இல் தாலினில் கொண்டாடப்பட்ட நூற்றாண்டு விழாவைக் குறித்து வேறொரு செய்தி வழங்குகிறது: மேடையை விட்டு இறங்க மறுத்த பாடகர்கள் அப்பாடலைத் திரும்பத் திரும்பப் பாடினர், அதனை அமுக்கக் காற்றுக்கருவிக் குழுவை வாசிக்குமாறு பணித்தனர், பயனின்றிப் போகவே எர்னெசாக்ஸை மேடைக்கு அழைத்தனர் என்பது. 2006இல் வெளிவந்த 'பாடும் புரட்சி' என்னும் ஆவணப்படம் இக்காட்சியை உலகறியச் செய்தது. உள்ளத்தை அள்ளும் காட்சிதான். ஆனால் நான்காண்டுகளுக்கு முன்னரே நிரலில் ஏறிவிட்ட பாடல் அது என்பதையும், தடையை மீறி எழுந்த நிகழ்வு என்ற சொல் 1960க்கே முழுதும் பொருந்தும் என்பதையும் படம் பார்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். மக்கள் தம் நினைவில் பல விழாக்களை ஒன்றாக்கிக் கொள்வது இயல்பு. திறனாய்வாளர் அவற்றை மீண்டும் பிரித்தே ஆக வேண்டும்.

எந்த ஆண்டாயினும், நம் கருத்துக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. பதினாயிரக்கணக்கானோர் நெறியாளர் இன்றியே, நான்கு குரல்களில், சிதையாமல் பாட வல்லவராயிருந்தனர். ஆர்வம் மட்டும் இதனைச் செய்யாது. கூட்டத்தின் கோபம் கூச்சலைத் தரும், சேர்ந்திசையைத் தராது. கையை எதிர்பாராமல் பாடும் அளவுக்கு ஒரு மக்களைப் பயிற்றிய ஆசிரியர்களுள் எர்னெசாக்ஸ் தலையாயவர். அவர் அரசிடமிருந்து பெற்றவை ஊதியம், மேடை, அச்சிட்ட சுரக்குறிப்புகள், பயணம். அவற்றுக்கு ஈடாக அரசு விரும்பியவற்றை அவர் பாடிக் கொடுத்தார். ஷொஸ்தகோவிச் 1970இல் லெனின் நூற்றாண்டை முன்னிட்டு, கருவித்துணையற்ற ஆண்குரல்களுக்கென எழுதிய 'விசுவாசம்' என்னும் எட்டுப் பாடல்களின் தொகுதியை எர்னெசாக்ஸுக்கே காணிக்கையாக்கினார். 'ராம்' குழுவே தாலினில் அதனை அரங்கேற்றியது. அதே குழுதான் வெல்யோ டோர்மிஸ் பழம்பெரும் நாட்டுப்பாடல் மரபிலிருந்து கடைந்தெடுத்த ஆண்குரல் படைப்புகளையும் பாடியது. அரசின் செலவில் வளர்ந்த அந்தக் குரல்கள் இரண்டுக்கும் பயன்பட்டன. விசுவாசத்தின் பெயரால் பாடியதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதனைப் பாடிய தொண்டைதான் டோர்மிஸின் கடினமான இசையையும் பாடும் வலிமை பெற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1971இல் எர்னெசாக்ஸ் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 'வாய் பாடுகிறது, நெஞ்சு கவல்கிறது' என்பது அதன் பெயர். லெனின் பரிசு பெற்ற மறு ஆண்டு அது. சோசலிச உழைப்பு வீரர் என்னும் பட்டம் 1974இல் வரவிருந்தது. பரிசுகளின் நடுவே நின்ற ஒருவர் தம் நூலுக்கு இப்பெயரைத் தேர்ந்தார். இதனைக் கலகமென்று படிப்பது மிகை. அவரைப் பற்றி நாம் சேகரித்த தகவல்கள் அனைத்திலும் அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டதற்கு இதைவிட நெருங்கிய ஒன்றை நாம் காணவில்லை.

1988 கோடையில் மக்கள் இரவுதோறும் அதே பாடல் திடலில் கூடிப் பாடினர். செப்டம்பர் 11ஆம் நாள் கூடியோர் தொகை 3 லட்சம் எனக் கூறப்படுகிறது. அந்த இரவுகளின் பாடல்களில் பல இளைஞர்களின் மின்கிதார் இசை. எர்னெசாக்ஸின் உலகுக்கு அயலானவை. அவருக்கு அப்போது வயது 79. 1991 ஆகஸ்ட் 20இல் எஸ்தோனியா மீண்டும் சுதந்திர நாடானது. பசியுஸின் பழைய கீதமே தேசியகீதமாகத் திரும்பியது; கோய்துலா பாடலைத் தேசியகீதமாக்க வேண்டுமென்ற குரலும் எழுந்து அடங்கிற்று. 1993 ஜனவரி 24இல் அவர் காலமானார். 2019இல் 150ஆம் ஆண்டு நிறைவுப் பெருவிழாவுக்கு அப்பாடலின் சொற்களிலிருந்தே 'என் நேசம்' என்று பெயரிட்டனர்.

2004ஆம் ஆண்டு பாடல் திடலில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தனர். எக்கே வாலி என்னும் சிற்பி வடித்தது. அவர் நெறியாளர் கோபுரத்தில் நிற்கவில்லை. கேட்போர் அமரும் புல்சரிவின் மேற்பகுதியில், மேடையை நோக்கியவாறு உட்கார்ந்திருக்கிறார்.